மாட்டைப் பார்க்கப் போன வீட்டில்

நான் கால்நடை மருத்துவர். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் படிப்போ உரிமையோ எனக்குக் கிடையாது. அப்படியிருந்தும் சர்க்கரை நோயைப் பற்றி எழுதுகிறேன் என்றால், ஆறு வருடத்துக்கு முன் ஒரு தொழுவத்தில் எனக்கு அடித்த வாடைதான் காரணம்.

கன்று ஈன்று மூன்று வாரமான கறவை மாடு. இரண்டு நாளாகத் தீவனத்தில் வாய் வைக்கவில்லை, பால் பாதியாகிவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வாயருகே குனிந்ததுமே தெரிந்துவிட்டது. அழுகத் தொடங்கிய பழமும் நகச்சாயம் துடைக்கும் திரவமும் கலந்தது போன்ற வாடை. கீட்டோசிஸ், அதாவது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடிப்போகிற நோய். எல்லோருடைய மூக்குக்கும் அது எட்டாது, எனக்கு எட்டும். பையிலிருந்து சர்க்கரை அளக்கும் மீட்டரை எடுத்தேன். மனிதர்களுக்கென்று செய்யப்பட்டதுதான், குளுக்கோஸுக்கு ஒரு ஸ்ட்ரிப், கீட்டோனுக்கு ஒரு ஸ்ட்ரிப். மாட்டுக்கும் நாங்கள் அதையே பயன்படுத்துகிறோம். குளுக்கோஸ் 36. கீட்டோன் 3.4. மாட்டுக்குக் கீட்டோன் 1.2-ஐத் தாண்டினாலே நாங்கள் உஷாராவோம்.

இங்கே மாட்டின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடு எவ்வளவு தின்றாலும் தீவனத்திலிருந்து நேரடியாகச் சர்க்கரை அதன் ரத்தத்துக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. மாட்டின் முதல் இரைப்பையான அசையூண் பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் நாரையும் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கிவிடும். அதில் ஒன்றான புரோபியோனேட்டை எடுத்து, ஈரல்தான் குளுக்கோஸ் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. இருபது லிட்டர் கறக்கிற மாடு தினம் கிட்டத்தட்ட ஒரு கிலோ சர்க்கரையை மடி வழியாக வெளியே தள்ளுகிறது. கன்று ஈன்ற புதிதில் தின்பது குறைவு, கொடுப்பது அதிகம். ஈடுகட்ட முடியாமல் உடம்பு கொழுப்பை உருக்குகிறது. அதை முழுசாக எரிக்க முடியாத ஈரல் கீட்டோன்களைக் கொட்டுகிறது. வாடை அதுதான்.

கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி முடித்துவிட்டுக் கை கழுவ வாசலுக்கு வந்தேன். தொழுவத்திலிருந்து இருபது அடி தள்ளி வந்தும் வாடை குறையவில்லை. கூடித்தான் இருந்தது.

வாசலில் கட்டிலில் அந்த வீட்டுப் பெண் படுத்திருந்தாள். ஒன்பது வயது. கண்கள் குழி விழுந்து, உதடு வெடித்து, ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மேலோட்டமான இளைப்பு இல்லை. நெஞ்சு முழுக்க நிறைத்து நிறைத்து இழுக்கிற ஆழமான மூச்சு.

“என்னாச்சு பாப்பாவுக்கு?”

“வயித்து வலி, வாந்தி சார். நேத்து ராத்திரி ஒரு இடத்துல காட்டினோம். களைச்சுப் போயிருக்கான்னு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு.”

“தண்ணி நிறைய குடிக்கிறாளா?”

அம்மாதான் பதில் சொன்னார். பத்துப் பதினைந்து நாளாக ராத்திரியெல்லாம் எழுந்து சொம்பு சொம்பாகக் குடிக்கிறாளாம். படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கம் விட்டு நான்கு வருடம் ஆகியும் மறுபடி போகிறாளாம். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார். சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை.

நான் மனிதருக்கு மருந்து கொடுக்க முடியாது. ஆனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க அந்த அப்பாவிடம் அனுமதி கேட்டேன். மாட்டுக்குத் தொட்ட எதையும் தொடாமல், கையை சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசி, புது ஸ்ட்ரிப். குளுக்கோஸுக்கு மீட்டர் எண்ணே காட்டவில்லை. ‘ஹை’ என்ற எழுத்து மட்டும் வந்தது. அளவு அதன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கீட்டோன் 5.8.

அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். இருபது அடி இடைவெளியில் இரண்டு உயிர்கள், ஒரே வாடை. ஒன்றின் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. இன்னொன்றின் ரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, ஆனால் அதை உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலின் இல்லை. இரண்டிலுமே தசைக்கும் கொழுப்புக்கும் பட்டினிதான். அதனால் இரண்டிலும் கொழுப்பு உருகுகிறது, ஈரல் கீட்டோன் செய்கிறது. மாட்டுக்கு நான் கொடுத்த மருந்தும் முந்தின ராத்திரி அந்தக் குழந்தைக்கு ஏற்றியதும் ஒரே பொருள். மாட்டை அது எழுப்பியது. குழந்தையை அது இன்னும் ஆழத்தில் தள்ளியது.

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ரத்தம் சுமார் 1.8 லிட்டர். நல்ல நிலையில் அந்த ரத்தம் முழுவதிலும் சேர்த்தே ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம். ஏற்கெனவே நிரம்பி வழிகிற ரத்தத்துக்குள் அதைக் கொட்டியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. களைப்பு என்றால் பாட்டில் ஏற்றச் சொல்லி நாமும்தானே கேட்கிறோம்? ஆனால் ஏற்றும் முன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அந்த மூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ நினைத்து நேரத்தைத் தொலைப்பது இதில்தான். கீட்டோன்கள் அமிலம். ரத்தம் புளிக்கும்போது உடம்பு கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கிறது. 1874-இல் அடோல்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். அந்த மூச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். நெஞ்சில் சளிச் சத்தமே இல்லாமல் ஒரு குழந்தை ஆழமாக மூச்சு வாங்கினால், வாந்தியும் வயிற்று வலியும் கூட இருந்தால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனோம். போகும் முன் இரண்டு காரியம் செய்தேன். பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு இரண்டு எண்களையும் சொன்னேன். சொன்னதால்தான் போய் இறங்கும்போது சலைன் தொங்கவிட்டுத் தயாராக நின்றார்கள். இரண்டாவது, கன்றுக்குட்டியின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்: எத்தனை மணிக்கு என்ன அளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், முந்தின ராத்திரி என்ன ஏற்றினார்கள். மாட்டுக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று எழுதி வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் தொடர்வார். அந்த அட்டை சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிவரை அவள் கூடவே போனது. கிராமத்திலிருந்து வருகிற நோயாளி மூன்று கை மாறித்தான் பெரிய டாக்டரைப் பார்க்கிறார். ஒவ்வொரு கையிலும் கதை கொஞ்சம் உதிர்ந்துபோகிறது. எழுதியது உதிராது.

சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரும் ஒரு சிஸ்டரும் மட்டும். அந்த டாக்டர் செய்ததை இன்றைக்கும் நினைத்துப் பெருமைப்படுகிறேன். எடுத்த எடுப்பில் இன்சுலின் போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவுக்கு போன் செய்து ஒவ்வொரு அடியும் கேட்டுக் கேட்டுச் செய்தார். முதலில் சலைன், அதுவும் எடைக்கு அளந்து. ‘சர்க்கரை ஏறிக் கிடக்கிறதே, ஊசி போடவில்லையா?’ என்று அப்பா துடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரோடு தண்ணீர் மட்டும் போகவில்லை, பொட்டாசியமும் போயிருக்கிறது. செல்லுக்குள் இருந்ததும் வெளியே வந்துவிட்டதால் ரத்தத்தில் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தெரியும். இன்சுலின் போட்டதும் அது குபுகுபுவென்று செல்லுக்குள் திரும்பிவிடும். ரத்தத்தில் அளவு விழுந்தால் இதயம் தடுமாறும். அதனால் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஏற்றத் தொடங்கிக் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, பொட்டாசியம் பார்த்து, மெதுவாகத்தான் இன்சுலின். அவசரப்பட்டுச் சரிசெய்யக் கூடாத இன்னொரு காரணம் மூளை வீக்கம். சிகிச்சை தொடங்கிய பிறகு குழந்தை தலைவலி என்று சொன்னாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று மந்தமானாலோ உடனே சொல்லுங்கள் என்று அம்மாவிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்.

ஆம்புலன்ஸில் இரண்டரை மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட், அதாவது 2.4 யூனிட் இன்சுலின் சொட்டுச் சொட்டாக. நள்ளிரவில் சர்க்கரை 250-க்கு இறங்கியதும் சிஸ்டர் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார். அப்பா கட்டிலின் குறுக்கே கை நீட்டித் தடுத்துவிட்டார். “இதைத்தானேம்மா முந்தாநாள் ஏத்திக் கெடுத்தாங்க!”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் இப்போது கூடவே இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டாலும் கீட்டோன் இன்னும் அடங்கவில்லை. அடங்கும்வரை இன்சுலினை நிறுத்த முடியாது. நிறுத்தாமல் இருக்க வேண்டுமானால் சர்க்கரை தரையைத் தொடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதே பாட்டில், நேரம் வேறு. மறுநாள் மத்தியானம் அவள் எழுந்து உட்கார்ந்து வீட்டு மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

இன்சுலின் என்ற மருந்தே எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான் என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் மனசு நெகிழும். 1889-இல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோதுதான் அதற்குச் சர்க்கரை நோய் வந்தது தெரிந்தது. 1921-இல் கனடாவின் டொரோன்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் நாய்களில் சோதனை செய்தார்கள். அடுத்த ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சனுக்குப் போட்டது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. அவர்களோடு வேலை செய்த காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகுதான் பையன் பிழைத்தான். மாட்டு இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் மூன்று அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம், பன்றியுடையதற்கு ஒன்றே ஒன்று. 1982-இல் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை அறுபது வருடம் இந்தப் பிராணிகள்தான் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றின.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி, இன்சுலினை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இதில் மட்டும் நான் அவர்களுக்கு நேரடியாக உதவ முடிந்தது. பிரிக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. எங்கள் தடுப்பூசிகளுக்கும் அதேதான். பல வருடமாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம்: வெயிலைவிடச் சீக்கிரமாக மருந்தைக் கெடுப்பது ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடப்பது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது, கொட்டிவிட வேண்டும். அதனால் ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவே கனமான துணி. பிரித்துப் பயன்படுத்துகிற குப்பிக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. பெரும்பாலான வகைகள் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும், சரியான வரம்பு அட்டையில் போட்டிருக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி, நிழலில் காற்றுப்படுகிற இடம். காற்று உலர்ந்திருக்கும் காலத்தில் இது நன்றாகவே குளிர்விக்கிறது. புழுக்கமான காலத்தில் அவ்வளவு போதாது. பிரித்த தேதியைக் குப்பிமேல் எழுத வைத்தேன். இரண்டு மூன்று குப்பி உபரியாக இருந்தால் அருகிலிருக்கும் ஆஸ்பத்திரியின் பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள், வைத்துக்கொண்டார்கள்.

காய்ச்சல் வந்து சாப்பிடாத நாளில் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அந்தக் குடும்பம் புரிந்துகொள்ளக் கஷ்டப்பட்டது. ‘சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?’ நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் காய்ச்சலில் ஈரல் தானாகச் சர்க்கரையை ஊற்றிக்கொண்டிருக்கும். இன்சுலின் நின்றால் சில மணி நேரத்தில் மறுபடி கீட்டோன். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை டாக்டரிடம் போனில் கேட்டு மாற்றலாம். முழுசாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகும் என் சொந்த அப்பா விஷயத்தில் நான் தவறு செய்தேன். அதையும் எழுதியாக வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரையைக் குறைக்கக் கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். சாயங்காலம் தொழுவத்தில் மாட்டுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) கலந்துகொண்டிருந்தவர் வாளியைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. பதறிப்போய் அங்கேயே விரலில் குத்திப் பார்த்தேன். 194. சர்க்கரை குறையவில்லை, பக்கவாதமாக இருக்கலாம் என்று முடிவு கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

அங்கே சிஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்தார், பிசுபிசுத்தது. ஒன்றும் சொல்லாமல் ஈரப் பஞ்சால் விரலைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி குத்தினார். 34. நான் அளந்தது அப்பாவின் ரத்தத்தை மட்டுமில்லை, விரலில் ஒட்டியிருந்த மொலாசஸையும் சேர்த்து. அந்தக் குழந்தைக்கு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குத்திய அதே நான், அப்பா என்றதும் கழுவ மறந்தேன்.

நல்லவேளையாக வழியில் அவர் வாயில் எதையும் ஊற்றவில்லை. கவிழ்ந்து கிடக்கிற மாட்டுக்குப் புட்டியில் மருந்து புகட்டினால் அது நுரையீரலுக்குப் போய்ச் சாகும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மனிதருக்கும் அதேதான். நினைவோடு இருந்து, விழுங்க முடிகிறவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் கொடுத்து, ஏறியதும் சாப்பாடு. நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நரம்பில் குளுக்கோஸ் போட்ட ஐந்தாவது நிமிடம் அப்பா கண் திறந்து, “மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?” என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் வீட்டுக்குப் போகலாம் என்று அடம் பிடித்தார். ராத்திரி தங்கச் சொன்னார் டாக்டர். நான், படித்தவன், கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுப்பினார். அப்பா குறட்டை மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், தட்டினால் எழவில்லை. கையைக் கழுவி அளந்தேன். 29.

அந்த மாத்திரை சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அது சீக்கிரம் வெளியேறாது. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி விழும். மாட்டுக்கு நரம்பில் போடுகிற குளுக்கோஸ் சில மணி நேரத்தில் கரைந்துவிடும் என்பதால்தான் நான் எந்தக் கீட்டோசிஸ் மாட்டையும் ஒரு பாட்டிலோடு விட்டுவிட்டு வருவதில்லை. ஈரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிற புரோபிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஐந்து நாளைக்கு வாய் வழியாகக் கொடுக்கச் சொல்லித்தான் வருவேன். மாட்டுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தோன்றவில்லை. அவர் கண் திறந்ததைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் டிரிப்பில் இருந்து பிழைத்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து மாத்திரையை மாற்றினார்கள். உங்கள் வீட்டில் வயதானவர் இந்த வகை மாத்திரை சாப்பிட்டு மயங்கி விழுந்தால், எழுந்து பேசினாலும் குறைந்தது ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே வைத்திருங்கள். மாட்டைப் பால் கறக்கப் பக்கத்து வீட்டில் சொல்லலாம், பஸ் நாளைக்கும் வரும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது 15 வயது. போன மாதம் காலையில் போன் வந்தது.

“டாக்டர் மாமா, நம்ம மாடு கன்னு போட்டு இருபது நாளாச்சு. நேத்துலேருந்து தீவனம் எடுக்கல. காதுல ஒரு சொட்டு எடுத்து என் மீட்டர்ல பார்த்தேன், கீட்டோன் 2.1 காட்டுது.”

“உனக்கு எவ்வளவு இருக்கு?”

“அதையும் பார்த்துட்டேன். கையைக் கழுவிட்டுத்தான். 0.2.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.